எச்சரிக்கை உள்ள அடிக்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

எல்லோரும் புதிய கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் துண்டுச்சீட்டு வேலை முடியும்வரை பழைய கணினியோடு நான் மட்டும் இங்கே. மேசைகளைத் தூக்கிய இடத்தில் தரை வெளுத்துக் கிடக்கிறது.

மார்ச் 5

அப்படி என்னதான் வேலை என்று அக்கா போனில் கேட்டாள். மருந்து விவரம் எக்ஸ்எம்எல் கோப்பாக வரும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'அளவு', 'எச்சரிக்கை', 'அடிக்குறிப்பு' என்று பெயர் கட்டியிருப்பார்கள். எந்தப் பெயர் எங்கே வந்தால் தாளில் எப்படி விழ வேண்டும் என்று நான் விதி எழுதுகிறேன் என்றேன்.

"சரி, சாப்பிட்டியா?" என்றாள்.

மார்ச் 7

லிஃப்டில் ஒருவர் எந்த மாடி என்று கேட்டார். தேவைக்கு மேல் விளக்கமாகப் பதில் சொல்லிவிட்டேன்.

மார்ச் 10

காய்ச்சல் மருந்துச் சீட்டில் ஏதோ குறைந்தது. மூலக்கோப்பைப் பார்த்தேன். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் சாப்பிடக் கூடாது என்ற எச்சரிக்கை, அடிக்குறிப்புக்குள் இருக்கிறது. அடிக்குறிப்பு வந்தால் எதையும் அச்சிடாதே என்பது எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய விதி. எச்சரிக்கையும் கூடவே போய்விட்டது.

மேலாளரை அழைத்தேன். நாளை அச்சுக்குப் போகிறது, நிறுத்த முடியாது என்றார். "அந்தப் பொடி எழுத்தை யாரு படிக்கிறா?"

"நான் படிச்சேனே சார்."

வைத்துவிட்டார்.

இப்ப யார்கிட்ட போய்ச் சொல்றது?

மார்ச் 11

சீட்டுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் மருந்தாளர் அம்மாவை, அச்சகம் திறக்கும் முன்பே அழைத்தேன். முகம் பார்த்ததில்லை. கோப்பின் ஓரத்தில் அவர் குறிப்பு எழுதுவார், நான் பதில் எழுதுவேன். அவ்வளவுதான் பழக்கம். விஷயத்தைச் சொன்னதும் மூலக்கோப்பைத் திறந்து அந்த வரியை எனக்கே வாசித்துக் காட்டினார்.

"போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கிறேன். அது இல்லாம அச்சிட மாட்டாங்க. நீங்க சரிபண்ணுங்க."

அடிக்குறிப்புக்குள் வரும் எச்சரிக்கைக்குத் தனி விதி எழுதினேன். அப்படியும் தாளில் வரவில்லை. மேலே அடிக்குறிப்பின் விதியே கதவைச் சாத்திவிட்டால், உள்ளே இருப்பதைத் தேடி யார் போவார்கள்? பிறகு அடிக்குறிப்புக்கே இன்னொரு விதி: 'எச்சரிக்கை உள்ள அடிக்குறிப்பு' என்றால் உள்ளே போய்ப் பார். இரண்டு விதிகள் பொருந்தினால் குறிப்பாகச் சொல்வதே ஜெயிக்கும்.

வந்தது. தடித்த எழுத்தில்.

மார்ச் 13

புதிய திட்டத்தில் என் பெயர் இல்லை. மேலாளரின் கைங்கரியம். போகட்டும் — என்று எழுதிவிட்டேன். மனசுதான் கேக்க மாட்டேங்குது.

மார்ச் 15, சனி

மருந்தாளர் நேரிலேயே வந்தார். என் வயதுதான் இருக்கும். மற்ற மருந்துகளையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்றார். விதிகளை ஒவ்வொன்றாக விளக்கினேன். புரியாததை விடாமல் கேட்டார். எப்போது பேச்சு விதிகளை விட்டு வேறெங்கோ போயிற்று என்று தெரியவில்லை. திங்களும் வருகிறாராம்.

பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர் வைத்திருக்கிறேன்.