வாசலிலிருந்து பீடம் வரை

பள்ளிவாசல்துறை,
கற்பிட்டி.
20.04.2012

என் அன்பு மருமகள் மெலனிக்கு,

இது இப்படித்தான் வந்து முடியும் என்று நான் போன வருஷமே சொன்னேன். ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். இங்கே உன் அம்மாவின் இரண்டு முழங்காலையும் பக்கத்து வீட்டு றோசாவின் இரண்டு முழங்காலையும் தவிர மற்ற எல்லாம் சுகம். உன் சுகத்துக்குப் புனித அன்னம்மாவை மன்றாடுகிறோம்.

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். நான் வாயைத் திறந்தாலே உன் அம்மா, "சும்மா போங்க அண்ணன்" என்று போனைப் பறித்துவிடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இருக்கவில்லை, அதுதான் உண்மை.

முதலில் றோசாவின் சங்கதி. போன வருஷம் அவள் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். முழங்காலில் ஓட்டை போட்டு, உள்ளே கமரா விட்டு, தண்ணீர் அடித்துக் கழுவி, பிய்ந்து கிடந்ததை வெட்டி எடுத்துவிட்டார்கள். வந்த புதிதில் ராணி மாதிரி நடந்தாள். "பாத்தீங்களா சாள்ஸ் அண்ணன், பறக்கிறன்!" என்றாள். "பற பற. டிசம்பரில் நத்தார் வரட்டும்" என்றேன். நத்தார் வந்தது, பழைய நோவும் கூடவே வந்தது. இப்போது பூசைக்குப் பின்வரிசைக் கதிரையில்தான் இருக்கிறாள். அந்த முழங்காலில் புதிதாக இருப்பது தழும்பு மட்டும்.

இவ்வளவையும் கண்ணால் பார்த்த பிறகும் உன் அம்மா அதே டொக்டரிடம் போயிருக்கிறாள். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு இரண்டு காலிலும் அதையே செய்ய வேண்டும் என்றிருக்கிறார். ஊருக்கு வர டிக்கெட்டுக்கு வைத்திருந்த காசை அதற்கு அனுப்புவதாக நீயும் சொன்னாயாம்.

பிள்ளை, நான் நாற்பது வருஷம் எஞ்சின் போட் ஓட்டியவன். தேய்ந்த பெயாரிங்கை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினால் பளபளப்பு வரும். தேய்ந்தது திரும்ப வராது. எக்ஸ்ரேயை நானும் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். டொக்டர்மார் காணாத இரண்டொன்றை நான் கண்டேன், அதைப் பிறகு எழுதுகிறேன்.

உன் அம்மா டொறத்தி ஏன் அவசரப்படுகிறாள் என்று உனக்குத் தெரியும். நீ இத்தாலிக்குப் போய் ஒரு தகவலும் இல்லாமல் கிடந்த நாட்களில் அவள் தலவில அன்னம்மாவுக்கு நேர்ந்துகொண்டாள். மகளுக்கு அங்கே தங்க விசா சரிவந்தால் கோயில் வாசலிலிருந்து பீடம் வரை முழந்தாளில் வருவேன் என்று. போன வருஷம் உனக்கு விசா சரிவந்தது. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. அந்த ஒப்பரேஷன் செய்தால் முழந்தாளிடலாம் என்று நம்புகிறாள்.

நீ அவசரப்பட்டு அனுப்பிவிடாதே. நான் அவளைப் புத்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் இன்னொரு டொக்டரிடம் காட்டுகிறேன். அதுவரை பொறு.

உன் அம்மாவின் மூத்த அண்ணன்,
சாள்ஸ் மாமா


நாப்போலி
06.05.2012

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாசித்துச் சிரித்தேன். பிறகு அழுகையும் வந்தது.

மாமா, கோபிக்க வேண்டாம். சுனாமி வரும் என்று முதல் நாளே சொன்னவர் நீங்கள். யுத்தம் முடியும் மாதத்தையும் சொன்னவர் நீங்கள். எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் அது எங்களுக்குத் தெரியவந்தது. அப்படியிருக்க, அம்மாவின் காலை எப்படி நான் உங்கள் பெயாரிங்கில் விட்டுவிட முடியும்?

நான் இங்கே பார்த்துக்கொள்ளும் கிழவி அம்மாவுக்கும் முழங்காலில் ஒப்பரேஷன் செய்தவர்கள். அவ இப்போது கடைக்குத் தனியே போய்வருகிறா. அப்போ அது நல்லதுதானே?

ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு இரவும் நான் அந்த அம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். அது என் வேலை. என்னைப் பெற்றவளின் காலைத் தொட்டு ஐந்து வருஷமாகிறது. டிக்கெட் காசையாவது அனுப்பாவிட்டால் நான் என்ன மகள்? அந்த நேர்த்திக்கடனே எனக்காக வைத்தது. போன கிழமை போனில், "கடன்காரியாச் சாகப்போறன் பிள்ளை" என்று அம்மா அழுதா.

புத்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். டொக்டர் சொன்னதை அப்படியே எழுதுங்கள். உங்களுடையதை வேறு தாளில் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்,
மெலனி


பள்ளிவாசல்துறை,
கற்பிட்டி.
27.05.2012

என் அன்பு மருமகளுக்கு,

வேறு தாள் இல்லை. கடையில் தாள் விற்கிற விலைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வரும். ஆனால் டொக்டர் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் தொடவில்லை, பூசைப் புத்தகத்தின் மேல் கை வைத்து எழுதுகிறேன்.

புத்தளம் ஆஸ்பத்திரியில் நளீர் டொக்டர் என்று ஒருவர். என்னைக் கண்டதும் எழுந்து நின்று கைகொடுத்தார். (உன் அம்மா, அவர் ஜன்னலைச் சாத்தத்தான் எழும்பினவர் என்கிறாள். விடு.) எக்ஸ்ரேயைப் பார்த்தார். கட்டிலில் படுக்க வைத்து இரண்டு காலையும் மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"கால் பூட்டுப் போட்ட மாதிரி மாட்டிக்கிட்டு, நீட்டவே ஏலாம நிக்கிறதா அம்மா?"

"இல்ல டொக்டர். நோவுதான். விடிய எழும்பினா இறுகிக் கிடக்கும்."

"அப்ப இது தேய்மானம். கழுவி வெட்டுறதால தேஞ்சது வளராது. கொஞ்ச நாளைக்கு சுகம் போல இருக்கும், பொறகு இதே நோவுதான். அந்தச் சுகத்த பயிற்சியும் தரும். கத்தி வேணாம்."

"எஞ்சின் பெயாரிங் மாதிரி" என்றேன் நான்.

"ஓம், அப்படியும் சொல்லலாம்" என்றார். இதை நீ இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

உன் கிழவி அம்மாவைப் பற்றியும் கேட்டேன். அது முழங்காலையே மாற்றுகிற ஒப்பரேஷனாக இருக்கும், அது வேறு, கழுவுகிறது வேறு என்றார். உன் அம்மாவுக்கு நடக்கவே ஏலாமல் போனால் அதைப் பற்றி அப்போது யோசிக்கலாம், இப்போது அந்த நிலைமை இல்லை என்றார்.

பிறகு ஸபீனா என்ற பிள்ளையிடம் அனுப்பினார். பயிற்சி சொல்லித் தருகிறவள். கதிரையில் இருந்து காலை நேரே நீட்டிப் பிடிக்க வேண்டும். கையூன்றாமல் எழும்ப வேண்டும். பழகிய பிறகு கணுக்காலில் சின்ன உப்புப் பையைக் கட்டிக்கொண்டு நீட்ட வேண்டும். நான் பக்கத்தில் நின்று உன் அம்மாவுக்குத் தைரியம் சொன்னேன். "அங்கிள், நீங்க கொஞ்சம் வெளிய போய் டீ குடிச்சிட்டு வாங்களேன், அம்மா நல்லாச் செய்வா" என்றாள். மரியாதை தெரிந்த பிள்ளை.

இனித்தான் கஷ்டமான இடம். எழும்பும்போது டொறத்தி கேட்டாள்: "டொக்டர், கோயில்ல முழந்தாளில வர ஏலுமா?"

அவர் பேனையைக் கீழே வைத்தார். "அம்மா, உங்களை நல்லா நடக்க வைப்பம். முழந்தாளில அவ்வளவு தூரம் வாறதுக்கு இந்த முழங்கால் இனி இல்ல. எந்த ஒப்பரேஷனும் அதத் தராது. தரும் எண்டு சொல்லி நான் உங்கள ஏமாத்த ஏலாது."

பஸ்ஸில் பாலாவி தாண்டும்வரை எக்ஸ்ரேயை மடியில் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு வந்தாள். பிறகு, "அப்ப நான் கொழும்புக்கே போறன் அண்ணன். அவராவது ஏலாதெண்டு சொல்லேல்ல" என்றாள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு, மெலனி!

அடுத்த நாள் நான் நேரே எங்கள் கோயில் பங்குச்சுவாமியிடம் போனேன். விஷயத்தை ஆதியோடந்தமாக விளங்கப்படுத்தினேன். சுவாமி ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்தார், லத்தீனில் இருந்தது. வாசித்துவிட்டுச் சொன்னார்: "சாள்ஸ், யாருக்காக நேர்ந்ததோ அவரே வந்து அதை நிறைவேற்றலாம். தாய் பக்கத்தில் நடந்து வந்தால் போதும். மாதாவைப் பெற்ற அன்னம்மாவும் ஒரு தாய்தானே." அவர் கண்ணில் தண்ணீர்.

இதை டொறத்தியிடம் சொன்னேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சுவாமியா சொன்னவர்?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். பிறகு உப்புப் பையை எடுத்துக் காலில் கட்டிக்கொண்டாள். கொழும்புக் கதையை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

ஆகையால் பிள்ளை, காசை அனுப்பாதே. அந்தக் காசில் நீ ஏறி வா. உன்னுடையது நல்ல முழங்கால்.

சாள்ஸ் மாமா


நாப்போலி
17.06.2012

அன்புள்ள மாமா,

டிக்கெட் எடுத்துவிட்டேன். தலவில திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முன்னால் வருகிறேன். கிழவி அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் லீவு தந்தா.

சுவாமி சொன்னதை வாசித்தபோது குசினியில் பால் பொங்கி வழிந்தது, அடுப்பை நிறுத்தவே தோன்றவில்லை. ஐந்து வருஷமாக நான் அனுப்பினதெல்லாம் சாமான்தான். அம்மாவுக்கு என்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது என்று முதல் தரம் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

மாமா, ஒன்றே ஒன்று. நீங்கள் எதற்கும் பூ வைத்துச் சொல்லுங்கள், நான் ரசிப்பேன். ஆனால் சுவாமி சொன்னது மெய்தானே? அதற்கு மட்டும் நேராகப் பதில் எழுதுங்கள்.

மெலனி


பள்ளிவாசல்துறை,
கற்பிட்டி.
30.08.2012

என் அன்பு மருமகள் மெலனிக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்ததாக நீ போன் எடுத்த பிறகுதான் இங்கே அடுப்பு மூட்டினோம். நீ வைத்துவிட்டுப் போன வெள்ளைச் செருப்பை உன் அம்மா அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறாள்.

அன்றைக்கு நடந்ததை உனக்கே எழுதுகிறேன் என்று சிரிக்காதே. நீ தலையைக் குனிந்துகொண்டு வந்தாய், உனக்குத் தெரிந்தது கோயில் தரை மட்டும். மேலே நடந்ததை நான்தான் பார்த்தேன்.

கொடியேறிய மறுநாள், சனம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போனோம் அல்லவா? நீ வாசலில் முழந்தாளிட்டதும் டொறத்தி இடக்கையை உன் தலையில் வைத்தாள், வலக்கையில் ஊன்றுபிரம்பு. கொஞ்சத் தூரம் அப்படி வந்தாள். பாதிக் கோயிலில் திரும்பிப் பார்த்துப் பிரம்பை என்னிடம் நீட்டினாள். "புடிங்க அண்ணன், எனக்கு ரெண்டு கையும் வேணும்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு கையும் உன் தலையில்தான். பீடம் வரை பிரம்பு இல்லாமல் நடந்தாள், மெலனி! ஆயிரம் பேர் எழுந்து நின்றார்கள். சரி, நூறு பேர். றோசா கட்டாயம் எழுந்து நின்றாள், அவளுடைய முழங்காலுக்கு அது ஆயிரத்துக்குச் சமன்.

நான் பிரம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். அழுதது நான் இல்லை, மெழுகுதிரிப் புகை.

இப்போது டொறத்தி விடியக்காலமே கரைக்கு நடந்து போய் மீன் பார்த்து வாங்கி வருகிறாள். நோவு போய்விட்டது என்று எழுத மாட்டேன். படியேறும்போது முனகல் இருக்கிறது, மழைக் காற்று அடித்தால் இரண்டு மடங்கு. ஆனால் கையூன்றாமல் கதிரையிலிருந்து எழும்புகிறாள். ஸபீனா அதைப் பார்த்துக் கை தட்டினாள். இப்போது றோசாவும் உப்புப் பையோடு எங்கள் முற்றத்துக்கு வருகிறாள். இரண்டு பேரும் காலை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை கதைக்கிறார்கள். பயிற்சி முடிந்தாலும் கதை முடிவதில்லை. இதையெல்லாம் தொடக்கி வைத்தவன் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி, ஜூன் மாதம் நீ கேட்ட கேள்வி. நான் பதில் எழுதவில்லை. நீ வந்து நின்றபோதும் அதைக் கேட்கவில்லை, நானும் அந்தப் பக்கம் போகவில்லை. இப்போது டொறத்தி எனக்கு முன்னால் கதிரையில் இருந்து, "எழுதிட்டீங்களா, எழுதிட்டீங்களா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆகவே எழுதுகிறேன்.

நளீர் டொக்டர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் மெய். சுவாமி சொன்னதுதான் பொய். நான் அவரிடம் போகவே இல்லை. தடித்த புத்தகமும் இல்லை, லத்தீனும் இல்லை, கண்ணீரும் இல்லை. அந்தக் கிழமை சுவாமி ஊரிலேயே இல்லை, சிலாபத்தில் தியானத்துக்குப் போயிருந்தார். பஸ்ஸில் உன் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தபோது நானே கட்டிய கதை அது.

உன் அம்மா ஏமாறவில்லை. சுவாமிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறவள் றோசா. அவர் ஊரில் இல்லை என்று அவள் சொல்லி டொறத்திக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்துகொண்டுதான் "சுவாமியா சொன்னவர்?" என்று என்னைக் கேட்டிருக்கிறாள். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று நேற்றுக் கேட்டேன். "சொன்னா பிள்ள வந்திருப்பாளா?" என்றாள். அறுபது வருஷமாக இந்த வீட்டில் கெட்டிக்காரன் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வருகிற ஞாயிறு பூசை முடிய நான் மெய்யாகவே சுவாமியிடம் போய்க் கேட்கப்போகிறேன். நீ செய்தது செல்லும் என்று சொன்னால் நல்லது. செல்லாது என்று சொன்னால் நேர்த்திக்கடன் அப்படியே நிற்கும், வருகிற வருஷமும் நீ வந்து செய்ய வேண்டியதுதான்.

செல்லும் என்று சுவாமி சொன்னாலும், செல்லாது என்றுதான் உனக்கு எழுத வேண்டுமாம். உன் அம்மா சொல்லச் சொல்கிறாள்.

உன் மாமன்,
சாள்ஸ்