பெரிய வீட்டு வரைபடத்தில் எங்கள் தெரு

12.8 செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். ஏரிப் பக்கம் மேகம் கூடிக் கலைந்தது. இன்று: பள்ளிக்கூடத்துக்குக் கொடி ஸ்டிக்கர். ஒரு மஞ்சள் நீராட்டு பிளெக்ஸ். கறுப்பு மை வாங்க.

மதியத்துக்கு முன் ராஜவேலு சார். பெரிய வீட்டு வாரிசு, என் பிரிண்டிங் கடைக்கும் ஓனர். கையில் துணியில் ஒட்டிய பழைய வரைபடம், பிரெஞ்சுக்காரன் காலத்தது. அவர்கள் நிலம் முழுக்க அதில். பங்காளிக்கு ஒரு நிறம், மாந்தோப்பு மரம் மரமாக. அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"ஸ்கேன் பண்ணி, கறையெல்லாம் எடுத்துட்டு ரெண்டு காப்பி குடு ஸ்டெல்லா. ஒண்ணு கொலதெய்வம் கோயிலுக்கு. ஒண்ணு திங்கக்கெழம தாலுக்கா ஆபீசுக்கு."

திங்கள் எங்கள் தெருவின் பட்டா விசாரணை. நாங்கள் தோப்போரம் பிற்பாடு வந்து குந்தியவர்களாம், தெருவே அவர்கள் நிலமாம். நான் அந்தத் தெரு என்று தெரிந்தேதான் என்னிடம் கொடுக்கிறார். அவ்வளவு இளப்பம்.

13.8 புதன்

தூறல். தலைவலி. மதியம் கரண்ட் இல்லை.

கறை எடுக்க உட்கார்ந்தேன். பூச்சி அரித்த ஓட்டை, காபி வட்டம், எல்லாம் போனது. தோப்போரம் கறுப்புப் புள்ளிகள். இரண்டு மூன்றை அழித்துவிட்டேன், பிறகு கை நின்றது. பூச்சி இப்படியா ரெண்டு வரிசையாக, நடுவில் வழி விட்டு அரிக்கும்? பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் நாலு மூலை. வீடுகள். வரிசைக் கடைசியில் சின்னச் சிலுவை, எங்கள் மாதா கோயில்.

அப்போதே இங்கே இருந்திருக்கிறோம். அழித்ததையெல்லாம் உடனே திரும்பக் கொண்டுவந்தேன்.

ராத்திரி என் புருஷனிடம் சொன்னேன். சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த அலுப்பு. "நமக்கு இன்னாத்துக்குடி வம்பு? கட அவுரு எடம்." சோறு போட்டேன். மறுபடி குழம்பு கேட்டார். ஊற்றவில்லை.

14.8 வியாழன்

வெயில். கொடி ஸ்டிக்கர் கொடுத்தாயிற்று.

ராஜவேலு வந்தார். பிரிண்டைப் பார்த்தார். "கறை இன்னும் கீதே."

"கறை இல்ல சார். வூடுங்க. எங்க தெரு."

முகம் மாறவில்லை. முன்பே தெரியும் போல. "அழிச்சிக் குடும்மா. ஒனக்கு இன்னா வந்துச்சி?"

"அழிக்க மாட்டேன்."

"யாரு எடத்துல குந்திக்கினு பேசற?"

"வாடக குடுத்துத்தான் சார் குந்தியிருக்கேன்."

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். வில்லியனூரில் வேறு கடை இருக்கிறதாம். இந்த மாதத்தோடு காலி செய் என்று, தெருவில் போகிறவர்கள் கேட்கவே சொன்னார். பயம் கொஞ்சம், கோபம்தான் அதிகம். அவர் போனதும் பெரிய பிளெக்ஸ் ரோலை மாட்டி, அழிக்காத ஸ்கேனை ஆளுயரத்துக்கு அடித்தேன்.

17.8 ஞாயிறு

பூசை முடிந்ததும் அந்த பிளெக்ஸை மாதா கோயில் சுவரில் கட்டினோம். கட்டியது இவர். வம்பு வேண்டாம் என்ற அதே மனுஷன். கயிற்றை இறுக்கி இறுக்கிக் கட்டினார்.

எது யார் வீடு என்று ஒரே சண்டை. எதிர்வீட்டு அந்தோணி மாமா, "மூல வூடு எங்க தாத்தாவுது" என்றார்.

"ஒங்க தாத்தா அங்க மாடுதான் கட்டுனாரு" என்றாள் லூர்து அக்கா.

சிரித்து வயிறு வலி. இட்லிக்கு ஊறப்போட மறந்தேன்.

18.8 திங்கள்

தாலுக்கா ஆபீஸ். ஃபேன் ஓடவில்லை. வராந்தா முழுக்க நம்ம ஆட்கள்.

தாசில்தார் மேசையில் ராஜவேலுவின் காப்பி, கழுவிவிட்ட மாதிரி சுத்தம். பக்கத்தில் நாங்கள் அவிழ்த்துக் கொண்டுவந்த பிளெக்ஸ்.

"ரெண்டுல எது நெஜம்?" என்றார் தாசில்தார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் முன்னால் போய் நின்றேன். "ஒரிஜினல் இவரு வூட்டு பீரோவுல கீது சார். எடுத்தாரச் சொல்லுங்க."

அது அரித்துவிட்டது, தொட்டால் பொடியும் என்றார் ராஜவேலு.

"போன வாரம் எங் கடைக்குச் சுருட்டி எடுத்துக்கினு வந்தாரே சார். அப்ப பொடியலயே?"

தாசில்தார் அவரை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த விசாரணைக்கு ஒரிஜினலோடு வரவேண்டும் என்று எழுதிவிட்டார்.

வெளியே ராஜவேலு வழி மறித்தார். "கடைய எப்ப காலி பண்ற?"

"நாளைக்கே பண்றேன். தெருவக் காலி பண்ணச் சொல்லிப் பாரு."