நான்காம் மிதவையின் ஜூலைக் காற்று

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையிலிருந்து ஒத்துப்பார்க்கும் வேலை. செயற்கைக்கோள் கடலில் நிற்கும் நான்காம் மிதவைக்கு மேலே பறந்தபோது சொன்ன காற்றின் வேகம் ஒரு பக்கம். அதே அரைமணிக்குள் மிதவையின் காற்றுமானி சொன்ன வேகம் மறுபக்கம். இரண்டும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன? போன வருடம் முழுவதற்கும் பார்க்க வேண்டும். கண் எரிகிறது.

சாப்பிடும்போது இவர் கேட்டார்: "மேலேர்ந்து அலையப் பாத்து காத்து எவ்ளோன்னு சொல்லுதா உன் சாட்டிலைட்டு? நான் கீழேர்ந்தே அதத்தானே பண்றேன். எனக்கு யாரு சர்டிபிகேட் குடுத்தா?"

பதினெட்டு வருடமாகத் தீவுக்கு ஃபெர்ரி ஓட்டும் திமிர். இருக்கட்டும்.

ஏப்ரல் 29, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. மென்காற்றில் சராசரிப் பிழை வினாடிக்கு ஒரு மீட்டர். பலத்த காற்றில், அதாவது பன்னிரண்டு மீட்டருக்கு மேல், வெறும் 0.4! உலகத்தில் எல்லாச் செயற்கைக்கோளும் பலத்த காற்றில்தான் தடுமாறும். எங்களுடையது அங்கேதான் பிரமாதமாம். மகராசி, எங்கேயோ போய்விட்டாய்.

எங்கள் பிரிவுத் தலைவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு "பலே" என்றார். அவர் எதற்கும் பலே சொல்பவர்தான் (அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயரே பலே), ஆனால் இன்று இரண்டு முறை. ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து துறைமுகம் காற்றை அளக்கும் தன் பழைய கம்பத்தைக் கழற்றிவிடுமாம். செயற்கைக்கோள் சொல்லும் எண்தான் இனி சட்டம். பதினான்கைத் தாண்டினால் ஃபெர்ரி நிற்கும், இல்லாவிட்டால் போகும். அதற்கு என் அறிக்கை போக வேண்டும், மே 16-க்குள்.

வீட்டில் சொன்னேன். "அப்போ இனிமே எனக்கும் நீதான் மேலதிகாரி. வீட்லயும் ஆபீஸ்லயும் ஒரே ஆளு" என்றார்.

மே 2, வெள்ளி

ஊரே வாழ்த்துகிறது. இதுவரை முகம் கொடுக்காத கணக்குப் பிரிவுக்காரர்கூட லிஃப்டில் சிரித்தார்.

மே 7, புதன்

மிதவைகளைப் பழுது பார்க்கப் படகில் போகும் டெக்னீஷியன் ஒரு படிவத்தோடு வந்தார். காற்றுமானியின் சுழலும் கிண்ணங்கள் வாங்க என் கையெழுத்து வேண்டுமாம்.

"நாலாம் நம்பருக்கு ரெண்டு செட்டா வாங்கிடுங்க மேடம். போன வருஷம் மாதிரி பிச்சுக்கிட்டு போயிடும்."

"போன வருஷம் எப்போ போச்சு?"

"ஜூன் கடைசில. கடல் அடங்கி நாங்க போய் மாட்டறதுக்குள்ள நவம்பர் ஆயிடுச்சே."

"அப்போ ஜூலைல காத்த அளந்தது யாரு?"

"அத நீங்கதான் மேடம் சொல்லணும்" என்று சிரித்தார். கையெழுத்துப் போட்டேன். அவர் போனதும் ஜூலைக் கோப்பைத் திறந்தேன்.

மே 8, வியாழன்

தெரிந்துவிட்டது. ஐயோ.

மிதவை பேசாத நாட்களில் கோப்பில் ஓட்டை விழக் கூடாது என்று ஒரு கணினி நிரல் இருக்கிறது. ஓட்டை எங்கே இருந்தாலும் செயற்கைக்கோளின் காற்றை எடுத்து, சற்று வழவழப்பாக்கி, மிதவையின் காற்றாக எழுதி வைத்துவிடும். பலத்த காற்றுப் புள்ளிகள் முப்பத்துநான்கில் முப்பத்தொன்று அப்படி வந்தவை. நான் செயற்கைக்கோளைச் செயற்கைக்கோளோடு ஒப்பிட்டு, அடடா என்ன ஒற்றுமை என்று மெய்மறந்திருக்கிறேன். வேலிக்கு ஓணான் சாட்சி.

நிரப்பிய வரிகளுக்குக் கடைசி நெடுவரிசையில் ஓர் அடையாளமும் உண்டு. வேண்டாத நெடுவரிசை என்று அதை வெட்டி எறிந்தவள் நான்.

சரி, அந்த நிரலை எழுதிய புண்ணியவதி யார்? நாலு வருடத்துக்கு முன்னால், நான். அதற்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூட வாங்கினேன். சொந்தக் காசில் சூனியம் என்பார்களே — சர்க்காரே காசு கொடுத்து வைக்கச் சொன்ன சூனியம் இது.

உண்மையான மூன்று புள்ளிகளை மட்டும் தனியே பார்த்தேன். செயற்கைக்கோள் மூன்று, நான்கு, ஐந்து மீட்டர் குறைவாகச் சொல்கிறது.

மே 9, வெள்ளி

யாரிடமும் சொல்லவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரியுமே, சனியன்.

மே 13, செவ்வாய்

இவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"ஆபீஸ் பன்னெண்டுன்னு சொல்லி, வெளிய போனா பதினாறு இருந்தா?"

"போகத்தான் வேணும். நம்பர் சரின்னு இருக்கறப்போ போகலேன்னா மெமோ."

"எத்தன பேர் இருப்பாங்க?"

"நூத்தி நாப்பது. என்னச் சேக்காம." ஊசியிலிருந்து தலையை நிமிர்த்தினார். "ஏன், மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

தலைவலி என்றேன். என்னச் சேக்காம — என்ன மனுஷன் இவரு, தன்னையே கணக்குல சேக்காம!

மே 14, புதன்

தலைவரிடம் சொன்னேன். பலே வரவில்லை.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்ல சார்."

"மூணே மூணு புள்ளிய வெச்சுக்கிட்டு ஒரு சாட்டிலைட்ட குறை சொல்றது நியாயமா, சொல்லுங்க?"

முப்பத்தொரு போலியை வைத்துப் பாராட்டுவது மட்டும் நியாயமா என்று நான் கேட்கவில்லை. அது படி இறங்கும்போதுதான் தோன்றியது. வேறொன்று சொன்னேன்: "குறை சொல்லல சார். பன்னெண்டுக்கு மேல தெரியாதுன்னு எழுதறேன். தப்பு என் நிரலோடதுன்னும் எழுதறேன்."

"அப்போ அறிக்கைலேர்ந்து என் பேர எடுத்துடுங்க" என்றார். பாவம், நல்ல மனிதர்தான். ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கிறது.

மே 16, வெள்ளி

அனுப்பிவிட்டேன். "பன்னிரண்டு மீட்டருக்கு மேல் சரிபார்க்கப்படவில்லை. கம்பத்தைக் கழற்ற வேண்டாம்." பதினான்கு வருட உத்தியோகத்தில் என் பெயர் மட்டும் தாங்கிய முதல் அறிக்கை, என் முட்டாள்தனத்தைப் பற்றியது.

மே 29, வியாழன்

கம்பம் இருக்கும் என்று துறைமுகம் ஒற்றை வரியில் பதில் போட்டிருக்கிறது. அலுவலகத்தில் எனக்குப் புதுப் பொறுப்பு: தரக் கட்டுப்பாட்டுக் குழுவின் தலைவி. உறுப்பினர்கள்: நான். பதவி உயர்வுப் பட்டியல் நேற்று ஒட்டினார்கள். அதில் என்னைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளவில்லை. வருத்தமா? ஆமாம், வருத்தம்தான்.

ஜூன் 21, சனி

விடிந்ததிலிருந்து காற்று. பால்கனியில் காய்ந்த துணியில் பாதி எதிர்வீட்டில். செயற்கைக்கோள் ஒன்பதே முக்காலுக்குக் கடந்தது; வீட்டிலிருந்தே திறந்து பார்த்தேன். 11.8. துறைமுகக் கம்பம் அதே நேரத்தில் 17 சொன்னதாம்; ஃபெர்ரியை நிறுத்திவிட்டார்கள்.

பத்தரைக்கு இவர் திரும்பி வந்துவிட்டார். "எல்லாரும் கவுண்டர்ல என்னத் திட்டிட்டுப் போறாங்க. ஒருத்தருக்குக் கல்யாணமாம், மாப்பிள்ளையே அவர்தானாம்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கூடத்தில் படுத்தார்.

இப்போது மணி பன்னிரண்டு. குறட்டை சமையலறை வரை கேட்கிறது. எழுப்பவில்லை.