நிறுத்திப் பார்க்கச் சொன்ன மாத்திரை

என் பாக்கியத்துக்கு,

நீ போய் பத்து மாதம் ஆகிவிட்டது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீ போன அன்றைக்கும் நான் அழவில்லை, இன்றைக்கும் அழுகை வரவில்லை. லயத்து வீடுகளில் சிலர் அதைக் கவனித்துப் பேசிக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது.

டயகம தோட்டத்தில் மழை விட்டபாடில்லை. நம் வீட்டுக் கூரைத் தகரத்தை ஒருவழியாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். நம் பிள்ளை தர்ஷினி கொழும்பு வேலையை விட்டுவிட்டு ஹட்டனில் ஒரு துணிக்கடையில் சேர்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறாள். அவள்தான் இதை எழுதச் சொன்னாள். உன் வருஷத் திதிக்கு அச்சடிக்கிற தாளில் போடப் போகிறாளாம். "அம்மா படத்துக்குக் கீழ பாட்டெல்லாம் வேணாம்ப்பா. நடந்தத நடந்த மாதிரியே எழுதுங்க. நாலு பேரு படிக்கட்டும்" என்றாள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கும். ஒருநாள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்தாய். உள்ளே குருவி சிறகடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாய். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. வாயு என்று நீயே முடிவு செய்து, இஞ்சி தட்டிப் போட்டு பிளேன்டீ குடித்தாய். அதற்குப் பிறகு அது வரும், போகும். நாம் இரண்டு பேருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நாட்களில்தான் நீ மாறினாய். குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாய். தர்ஷினி போனில் பேசி வைத்த அரைமணி நேரத்தில், பிள்ளை இன்னும் பேசவில்லையே என்று கேட்டாய். முப்பது வருஷமாகக் கொழுந்து பறித்த மலையில் நீ பறிக்க வேண்டிய நிரை எது என்று தெரியாமல் நின்றாய். கங்காணி என்னைக் கூப்பிட்டு, உன் சம்சாரத்துக்கு வேலையில் கவனமே இல்லை என்றார். எனக்கு மானம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து, பக்கத்துக் காம்பரா வீடுகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி உன்னைத் திட்டினேன். மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நீ அழுதாய். நடிக்கிறாய் என்று நினைத்தேன்.

ஒருநாள் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தாய். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது என்றார்கள். மேல் அறை சரியாகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தால் ரத்தம் அங்கே தேங்குமாம். தேங்கினால் கட்டியாகும், அந்தக் கட்டி மூளைக்குப் போய் ரத்தக் குழாயை அடைத்துவிடும். அதனால் ரத்தத்தை இளக்கமாக வைக்க ஒரு மாத்திரை. மாதம் ஒரு தடவை ரத்தம் சோதித்து, அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். எங்களைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா சிங்களத்தில் சொன்னதை, தாதி நமக்குத் தமிழிலும் சொன்னாள். நானும் உன் பக்கத்தில்தான் நின்றேன்.

ஆறேழு மாதம் ஒழுங்காகப் போட்டாய். ஆனால் தேயிலைச் செடிக்குள் கையை விட்டு வேலை செய்கிறவளுக்குக் கீறல் படாமல் இருக்குமா? முன்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் நின்றுவிடும். இப்போது ரத்தம் நிற்காமல் கசிந்தது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். முழங்கை வரைக்கும் நீலம் நீலமாகக் கன்றிப் போயிருந்தது. ஒருநாள் சாயங்காலம் துணியைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாய். துணி முழுக்கச் சிவப்பு. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

நான்தான் சொன்னேன்.

"ஒரு வாரம் விட்டுத்தான் பாரேன். அதுக்குள்ள என்ன ஆகிடப் போகுது?"

டாக்டரம்மா திட்டுவாங்களே என்று நீ தயங்கினாய். நான் சொல்றேன்ல என்றேன். அவ்வளவுதான் பேச்சு. மாத்திரைப் பையைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தாய். கீறல்கள் ஆறின. இரண்டு பேருக்கும் சந்தோஷம். ஒரு வாரம் மூன்று வாரமானது. கொழுந்து அதிகமாக இருந்த சமயம் என்று கிளினிக் நாளையும் விட்டுவிட்டோம்.

அன்றைக்குக் காலையில் நீ தலை சீவிக்கொண்டிருந்தாய். சீப்பு கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் வலது பக்கமாகச் சாய்ந்தாய். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்ன என்று கேட்டேன். நீ பதில் சொன்னாய், ஆனால் அது பேச்சாக இல்லை. பக்கத்து வீட்டுச் சிவகாமி ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தாள். அந்தப் பாதையில் எத்தனை வளைவு! வழி நெடுக உன் தலை என் மடியில் இருந்தது. உன் இடது கை என் சட்டையை விடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னிடம், மாத்திரை ஒழுங்காகப் போட்டார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாக்கியம், இதை நீ இப்போதுதான் கேள்விப்படுகிறாய். நான் பொய் சொன்னேன். அவர் ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை.

பிறகு மூளையை ஸ்கேன் எடுத்த படத்தைக் காட்டினார். இது இன்றைக்கு வந்தது. இங்கேயும் இங்கேயும் தெரிகிறதே, இதெல்லாம் பழையது என்றார். கை காலை இழுக்காமல், வந்ததே தெரியாமல் வந்துபோன சின்னச் சின்ன அடைப்புகளாம். மறதி இருந்ததா, வழி தடுமாறினார்களா என்று கேட்டார். அதற்கும் ஆமாம் என்றேன். அது உண்மை.

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். உப்பும் அங்கேதான் இருந்தது, நிரையும் அங்கேதான் இருந்தது. நான் யாரைத் திட்டினேன்?

வீட்டுக்கு வந்த பிறகு ஏழு மாதம் இருந்தாய். உனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியது. "சரி." பசித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி, தர்ஷினியைக் கண்டாலும் அதே சரி. குரலை வைத்துத்தான் எது எதற்கு என்று கண்டுபிடிப்போம். ஒருநாள் மத்தியானம் உனக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, திட்டியதையும், மாத்திரையை விடச் சொன்னதையும், டாக்டரம்மாவிடம் மறைத்ததையும் தவிர மற்றதெல்லாம் பேசினேன். கடைசியில், என்னை மன்னிச்சிரு என்று மட்டும் சொன்னேன். நீ "சரி" என்றாய். எதற்கென்று புரிந்துதான் சொன்னாயா? அந்தக் குரலை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை.

அந்த அடைப்பு இரண்டாவது தடவை வந்தபோது நான் வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து பார்த்தேன். நீ போயிருந்தாய்.

போன மாதம் தர்ஷினியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னோடு பேசமாட்டாள் என்றுதான் நினைத்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"அம்மா அப்பவே போன்ல சொன்னாங்கப்பா, மாத்திரைய விட்டுட்டேன்னு. கை ஆறிடுச்சுன்னு சந்தோஷமா சொன்னாங்க. நானும் நல்லதும்மான்னு சொல்லிட்டேன்."

ஒன்றரை வருஷமாக அவளும் அதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் சொன்னதால்தான் நீ விட்டாய் என்றேன். நானாவது தடுத்திருக்கலாமே என்றாள் அவள். பிறகு இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். சாப்பிட்டோம்.

இன்னொரு செய்தி. சிவகாமிக்கும் உனக்கு வந்த அதே துடிப்பு. அதே மாத்திரை. போன வாரம் கையில் ரத்தத்தோடு வந்து நின்று, "இந்தக் கருமத்த நிறுத்திறலாம்னு பாக்குறேண்ணே" என்றாள். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை செய்த காலத்தில் எனக்குக் கொடுத்த பழைய காக்கிச் சட்டைகளின் கைகளை வெட்டி, முழங்கை வரைக்கும் மாட்டிக்கொள்கிற மாதிரி தைத்துக் கொடுத்தேன். ஈறில் ரத்தம் வந்தால் நிறுத்தாமல் கிளினிக்கில் போய்ச் சொல்லு, அளவை மாற்றுவார்கள் என்றேன். இரண்டு நாளாக உறை போட்டுக்கொண்டு மலைக்குப் போகிறாள். கையில் புதுக் கீறல் இல்லை. தைக்க அரைமணி நேரம்தான் ஆனது. உனக்குத் தைக்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

புதன்கிழமை அவளுக்கு ரத்தம் சோதிக்கிற நாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறதாம். நான் கூடப் போகிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் பாக்கியம். இனி இந்தத் தோட்டத்தில் யாராவது அந்த மாத்திரையை நிறுத்தப் போகிறேன் என்று என் காதுபடச் சொன்னால், நான் சும்மா இருக்க மாட்டேன். என் வீட்டுக்காரியும் நிறுத்தினாள், நிறுத்தச் சொன்னது நான்தான் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். எத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தாலும் சொல்வேன்.

உன் தர்ஷினியின் அப்பா,
ராமையா