திரும்பாத நீலத் தாள்

டால்பர்ட் க்ரீக்
9 மார்ச் 1998

அன்புள்ள லெனோரா,

வாஷிங்டனிலிருந்து நீ போட்ட கடிதத்தைப் பத்து நாளாக மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். "நான் காசு சுண்டிப் பார்த்துத்தான் தண்டனை கொடுக்கிறேன் என்று நம் செனட்டரின் ஆளிடம் ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உன் கடைக்கு வராத வாயா? யாரென்று கண்டுபிடி" என்று எழுதியிருந்தாய். தேடிக்கொண்டு வெளியே போக வேண்டியிருக்கவில்லை. நான்தான்.

ஜனவரியில் டை கட்டிய ஒருவன் வந்தான். இரண்டு துண்டு ஆப்பிள் பை தின்றான். "மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உங்க ஜட்ஜம்மா பேர் அடிபடுதே, ஆளு எப்படி?" என்றான்.

"அவளா? மத்தியானம் இதே ஸ்டூல்ல உக்காந்து காசு சுண்டுவா. தலை விழுந்தா பத்து வருஷம், பூ விழுந்தா அஞ்சு!" என்றேன்.

கடையே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்காமல் நோட்டில் எழுதினான். ஆப்பிள் பை பக்குவம் எழுதுகிறான் என்று நினைத்தேன். நீ சுண்டுவது அன்றைக்குத் தின்னப் போவது ஆப்பிள் பையா செர்ரி பையா என்று பார்க்கத்தான். அதைச் சொன்னால் யார் சிரிப்பார்கள்?

எட்டாவது தாண்டாதவளை இருபது வருஷமாகச் சினேகிதி என்கிறாய். உனக்கு வேண்டியதுதான். இல்லை, அப்படி எழுதியிருக்கக் கூடாது. திட்டு.

உன் வெர்லா

வாஷிங்டன்
14 மார்ச்

வெர்லா,

'அன்புள்ள' என்று தொடங்கிப் பார்த்தேன், கை ஓடவில்லை. அப்புறம் ஓடும்.

விஷயம் இதுதான். நம் மாநிலச் செனட்டருக்கு ஒரு நீலத் தாள் அனுப்புவார்கள். சம்மதம் என்று அவர் திருப்பி அனுப்பினால்தான் செனட் குழு என் பெயரைக் கையிலெடுக்கும். அவர் மேசையிலேயே அது கிடந்தால் நான் அவ்வளவுதான். அவர் கட்சிக்கு நான் ஆகாதவள். காரணமில்லாமல் பிடித்து வைக்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தார். நீ காரணம் கொடுத்துவிட்டாய்.

நடந்ததை உன் கையால் எழுதி, 27-ஆம் தேதிக்குள் நம்மூரிலிருக்கும் அவருடைய அலுவலகத்தில் கொடு. பிழை இருந்தால் இருக்கட்டும். இந்தப் பதவிக்குப் பதினோரு வருஷம் காத்திருக்கிறேன்.

லெனோரா

டால்பர்ட் க்ரீக்
6 ஏப்ரல்

அன்புள்ள லெனோரா,

நீ ஊர் திரும்பி ஒரு வாரமாகிறது. மத்தியானம் எதிர்ச்சாரியில் நடந்து போகிறாய். கடிதம் என்னவாயிற்று என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

எழுதினேன், இரண்டு பக்கம். 26-ஆம் தேதி நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அங்கே வேலை பார்க்கும் பெண் என்னைக் கண்டதும், "அட, பூவா தலையா அக்கா! எல்லாரும் ஓடி வாங்க, யாரு வந்திருக்காங்க பாருங்க!" என்றாள். ஆறு பேர் கூடிவிட்டார்கள். "ஒரே ஒரு தடவ சொல்லிக் காட்டுங்கக்கா!"

சொல்லிக் காட்டினேன், லெனோரா. உன் குரலில். நீ மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுவதையும் செய்தேன். கை தட்டினார்கள். அதற்குப் பிறகு, இதெல்லாம் பொய் என்று ஒரு தாளை எடுத்து நீட்ட எனக்குத் தெம்பில்லை. கடிதம் கோட்டுப் பைக்குள்ளேயே வீடு திரும்பியது. மறுநாள் கடையில் கூட்டம், போக முடியவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். கூட்டமே இல்லை.

நீலத் தாள் திரும்பவில்லை, வெள்ளை மாளிகை உன் பெயரை விலக்கிக்கொண்டது என்று ரேடியோவில்தான் கேட்டேன். அணைத்துவிட்டு, அணைத்த ரேடியோ முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்தாலே ஊர் இன்னும் சிரிக்கிறது. முன்பெல்லாம் எனக்கு அது பிடிக்கும்.

நேரில் சொல்லிவிடலாம் என்று இன்று காலை உன் நீதிமன்றத்துக்கு வந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நீ பார்த்தாய். அடுத்த வழக்கைக் கூப்பிட்டாய். நியாயம்தான் என்று எழுந்தேன். பொத்தானில் கை பட்டு, கையிலிருந்த குடை படாரென்று விரிந்துவிட்டது.

"குடைய மடக்குங்கம்மா" என்றாய். இதுவரை நீ என்னை அம்மா என்று கூப்பிட்டதில்லை.

மடங்கவில்லை, ஒரு கம்பி வளைந்திருந்தது. கதவு குறுகல். பக்கவாட்டாக நடந்து பார்த்தேன். சேவகர் இன்னொரு கதவையும் திறந்துவிட்டார். குடையைப் பிடித்துக்கொண்டே வெளியே போனேன். மழை இல்லை.

வெர்லா