ஒரே கட்டையில் ஒலித்த மணி

உன் லப்டொப்பைத் திறந்தால் இன்னமும் தலையிடித் தைலம் மணக்கிறது. போன மாதம் உன் மனைவி அதைக் கொண்டுவந்து தந்தா. "அவர் போய் ஒரு வருஷமாகுது அண்ணை. திருநாளுக்கு மணி அடிக்க வேற ஆள் இல்லை. நீங்கள் ஒருக்காப் பாருங்கோ." பார்த்தேன், மச்சான். செத்தவனைத் திட்டக்கூடாது என்று வைத்திருந்த மரியாதையும் அதோடு போய்விட்டது.

கோவில் பாடற்குழுவுக்கு நீ கீபோர்ட் வாசிக்கிறவன். நான் உனக்கு வயர் சுற்றுகிறவன். களப்பில் இறால் பிடிக்கிறவனுக்கு அதற்கு மேல் என்ன பதவி? திருநாள் பாட்டில் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு மணி ஒலிக்கும். அதைக் கணினியில் நீயே செய்தாய். ஒரு அலை நமக்குக் கேட்கும். இன்னொரு அலை ஒளிந்திருந்து அதை உலுக்கும். உலுக்குகிற வேகத்தை மாற்றினால் குழல் மணியாகும், மணி சட்டியாகும் என்று விளக்கினாய். அப்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டும். கடவுள் அலைகளைப் படைத்ததே உன்னிடம் கேட்டுத்தான் என்பது போல. நானும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கணிதத்தில் இரண்டு தரம் விழுந்தவனுக்கு இலக்கம் சொல்கிற எவனும் மேதைதான்.

அந்த மணி உயரக் கட்டையில் மட்டும்தான் மணி. இறக்கினால், சட்டியில் கரண்டியால் தட்டிய சத்தம். மணியை இறக்க ஏலாது, ஆட்கள் ஏறட்டும் என்றாய். ஏழு திருநாள் ஊர்ப் பெண்கள் கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார்கள். முதல் வருஷம் என் மகளுக்குப் பதின்மூன்று வயது. தணிந்த குரல்.

"மாமா, மூண்டு கட்டை இறக்குங்கோவன்."

"மணியில பிழை இல்லைப் பிள்ளை. உனக்குத்தான் குரல் இல்லை."

அவள் பாட்டுக் கொப்பியைக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போனாள். அதன் பிறகு கிணற்றடியில்கூட அவள் பாடி நான் கேட்கவில்லை.

போன ஞாயிறு உன் மணியைத் திறந்து பார்த்தேன். ஒளிந்திருக்கிற அலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான்: நிலையான வேகம், அல்லது விகிதம். நீ நிலையானதில் விட்டிருந்தாய். அட மடையா! எந்தக் கட்டையை அழுத்தினாலும் உலுக்கல் அதே வேகம்; விகிதத்தில் விட்டிருந்தால் கட்டையோடு சேர்ந்து அதுவும் ஏறி இறங்கியிருக்கும். ஐந்து லீற்றர் மண்ணெண்ணெய்க்கு ஊற்றுகிற ஒயிலை ஒரு லீற்றருக்கும் ஊற்றினால் என் வள்ளத்து எஞ்சினே புகையாகக் காறித் துப்பும். எஞ்சினுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லை. விகிதத்துக்கு மாற்றி, மூன்றரை என்று போட்டு, மூன்று கட்டை இறக்கி அழுத்தினேன். மணி, மச்சான். சுத்தமான மணி. இதற்கா ஏழு வருஷம் ஊரின் தொண்டையைக் கிழித்தாய்?

மகள் இப்போது முன்பள்ளி ரீச்சர். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, இந்தக் கட்டையில ஒருக்காப் பாடிப் பார். பிழை மணியிலதான். அந்த விசரன் உனக்குக் குரல் இல்லையெண்டு..."

"மாமாவோ? அவர் சொன்னது எனக்கு மறந்துபோச்சு அப்பா." கத்தியை அவள் நிறுத்தவில்லை. "அண்டைக்கு அழுதுகொண்டு வீட்ட வந்தன். 'மாமாவுக்குத் தெரியாததோ, உனக்குக் குரல் இல்லைத்தான்' எண்டு நீங்கள் சொன்னனீங்கள். அதுதான் ஞாபகம்."

நான் திரும்பிவந்து மணியை இன்னொரு தரம் அழுத்தினேன். குசினியில் கத்திச் சத்தம் நின்றது. பிறகு திரும்பவும் தொடங்கியது.

திருநாளுக்குத் தணிந்த கட்டையில்தான் அடிப்பேன். உன்னைத் திட்ட இன்னும் நிறைய வைத்திருந்தேன், மச்சான். பாதியை நானே வைத்துக்கொள்கிறேன்.