சம்பந்தியின் சாக்ஸபோன்

அன்புச் சம்பந்தி வால்டர்,

உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்றைக்கு நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சர்ச் ஹாலில் சாப்பாடு முடிந்ததும் உங்களுக்காக ஏதாவது வாசிக்க வேண்டும் என்றார்கள். அங்கேதான் சச்சரவு வந்தது. டாலஸ் க்ளப்பில் உங்களோடு ப்ளூஸ் வாசித்தவர்கள் ஒரு பக்கம், ஜாஸ் நண்பர்கள் மறுபக்கம். நீங்கள் தங்கள் ஆள், தங்கள் இசையைத்தான் வாசிக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் சொன்னது. உங்கள் மகன் மார்கஸ், என் மாப்பிள்ளை, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, நீயாவது ஏதாவது சொல்லேன். யாரும் டிசைட் பண்ண மாட்டேங்கறாங்க" என்றாள் என் மகள் தீபா.

நான் ஈரோட்டிலிருந்து டாலஸ் பக்கத்து ரிச்சர்ட்சனுக்கு, மகள் வீட்டுக்கு வந்தவள். எனக்குத் தெரிந்த ப்ளூஸும் ஜாஸும் நீங்கள்தானே?

தீபாவின் அப்பா இங்கே படுக்கையில் கிடந்த மாதங்களில் சனிக்கிழமை தவறாமல் சாக்ஸபோனோடு வந்தீர்கள். அவர் கண்ணயரும்வரை ஒரே மெட்டை மெதுவாக வாசிப்பீர்கள். "இது ப்ளூஸா, ஜாஸா பிரதர்?" என்று ஒருநாள் கேட்டார். "ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. அதான் இவ்வளவு சண்டை" என்று உங்கள் ஆங்கிலத்தில் சொன்னீர்கள். அவர் சிரித்தார். எத்தனை நாள் கழித்து!

நான் எழுந்தேன். பெயர் தெரியாத அந்த மெட்டை முணுமுணுத்தேன். நாலு பேர் முன்னால் பாடியவளா நான்? இரண்டாவது வரியிலேயே ப்ளூஸ்காரர் ஒருவர் கிடாரை எடுத்தார். ஜாஸ் பக்கத்துப் பெண்மணி பியானோவுக்குப் போனார், இன்னொருவர் டிரம்முக்கு. இரண்டு கூட்டத்துக்கும் அது தெரிந்திருந்தது! சாக்ஸபோன் வாசிக்க மட்டும் யாரும் முன்வரவில்லை. நீங்கள் தனியாக வாசிக்கும் இடம் வந்தபோது டிரம்மைத் தவிர எல்லாம் நின்றது. நீங்கள் வாசித்து முடிக்கும் நேரம்வரை காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தார்கள். அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த உங்கள் மனைவி டோலரஸ் அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

உங்களுக்குக் கேட்டதா?

டோலரஸ் இப்போது வாசல் தாண்டுவதில்லை, ஃபோனும் எடுப்பதில்லை. எனக்கு அந்த நிலை தெரியும், தீபாவின் அப்பா போனபிறகு நானும் அப்படித்தான் இருந்தேன். நேற்று கோழி ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர், "காரமா?" என்றார். "கொஞ்சம்" என்றேன். இரண்டு கிண்ணம் குடித்தார்.

ஞாயிறு மத்தியானம் க்ளப்பில் உங்கள் நண்பர்கள் வாசிக்கிறார்களாம். கூப்பிட்டேன், வரவில்லை என்றார். அடுத்த வாரமும் அதையேதான் சொல்வார். சொல்லட்டும். வரும்வரை கூப்பிடுவேன், வராத நாளில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். டோலரஸைத் தனியாக விடமாட்டேன், சம்பந்தி.

மார்கஸின் மாமியார்,
உங்கள் சம்பந்தி கோமதி